ஒரு ‘ங்க’ தூரம்

பொத்தானை அழுத்தியதும் வாக்கி-டாக்கி கரகரத்தது. “மாமா, கொஞ்சமா இறக்குங்க மாமா,” என்றாள் அவள். அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்த கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் சிரித்த சிரிப்பு, பாதி எழும்பிய கட்டடத்தின் எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கி வந்தது.

கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமனார். கட்டடத்தின் பின்பக்கம் அவருக்குத் தெரியாது. சுமை எங்கே தொங்குகிறது, அடியில் யார் நடக்கிறார்கள் என்பதெல்லாம் கீழே நிற்கும் அவள் சொல்லித்தான் தெரியவேண்டும். இதற்காகவே பயிற்சிக்குப் போய்த் தேறி வந்தவள். அன்று காலை புதுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது கால் தரையில் பாவவில்லை. ஏத்து, இறக்கு, நில்லு. பயிற்சியில் தொண்டை கிழியக் கத்திய சொற்கள்தான். ஆனால் அங்கே கூண்டில் இருந்தவர் யாரோ ஒருவர். இங்கே இருப்பவரிடம், வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லவேண்டுமென்றால்கூட அவள் கணவனிடம் சொல்லி, அவன் தன் அம்மாவிடம் சொல்லி, அத்தை அவரிடம் போய்ச் சொல்வதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடும்.

சூப்பர்வைசர் வேகமாக வந்தார். “ஏம்மா, நீ மரியாதை குடுத்து முடிக்கிறதுக்குள்ள லோடு ரெண்டு முழம் போயிடுது. ஆம்பளைங்க ‘நில்லு’ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறாங்க. உனக்கு வரலேன்னா சொல்லிடு, வேற ஆளப் போட்டுக்கிறேன்.”

“வரும் சார்.”

அவர் போனதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நில்லு. பின்னால் ஒரு ‘ங்க’ இல்லாமல் அது முடிந்தபோது, இருக்கிறதென்று நினைத்து இல்லாத படியில் கால் வைத்ததுபோல் இருந்தது.

மதியத்துக்குமேல் காற்று பிடித்துக்கொண்டது. பின்பக்கத்தில் கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. “இறக்குங்க, இன்னும் இறக்குங்க,” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு வீச்சு. கட்டு பக்கவாட்டில் சாய்ந்து ஆடியது. அதே நேரம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஒரு பெயிண்டர் நேராக அதன் அடியில் வந்தான்.

“மா” என்று வாய் திறந்தது. அந்த எழுத்தை அப்படியே விழுங்கினாள்.

“நில்லுடா!”

கிரேன் நின்றது. பெயிண்டரின் தலைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் கம்பிக் கட்டு ஊசலாடியது. நிழல் விழுந்ததும் அவன் அண்ணாந்து பார்த்தான். வாளியைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

அதன்பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. டா. கட்டிய கணவனைக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. பயமும் இருந்தது, பயத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்றும், கூவவேண்டும்போல, மேலே மேலே வந்தது. ராத்திரி இது அத்தையிடம் எந்த வடிவத்தில் போய்ச் சேருமோ!

வாக்கி-டாக்கி கரகரத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“ஏம்மா,” மாமனாரின் குரல். “அந்த ‘டா’ எனக்கா, காத்துக்கா?”

“காத்துக்கு மாமா.”

“அப்போ ‘நில்லு’?”

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். “அது உங்களுக்கு.”

மேலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வீட்டில் அவர் இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, “அடியில எவனோ வந்துட்டான்போல. ஆளு தப்பிச்சானா?” என்றார்.

“தப்பிச்சிட்டான்.”

“சரி, அடுத்து என்ன? சொல்லு.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். கயிற்றுக்கு அப்பால் சூப்பர்வைசர் வாயைத் திறந்தபடி நின்றார். கட்டின் அடியில் உருண்ட வாளியும் சிந்திய நீல வர்ணமும் தவிர யாரும் இல்லை. காற்று தணியும்வரை காத்திருந்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

“இறக்கு.”

கம்பி முனைகளில் வெயில் பளபளக்க, கட்டு மெல்லத் திரும்பி, அவளை நோக்கி இறங்கத் தொடங்கியது.