அசுவத்தாமாவின் மாவுத்தன்

என் மனைவி லலிதாம்பாள் இறந்து எட்டு மாதம் ஆனபோது சபாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். மைசூரில் தசராவுக்கு எங்கள் தமிழ் சபா வருஷாவருஷம் ஒரு புராண நாடகம் போடும். காரியதரிசி ரத்தினசாமி பட்டு வியாபாரி. நான் பி.ஏ. படித்தவன் என்பதற்காக என்னை எழுதச் சொன்னார். துரோணர் வில்லைக் கீழே வைத்த கதையை எடுத்துக்கொண்டேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். துரோணரைப் போரில் வெல்ல முடியவில்லை. மகன் அசுவத்தாமா செத்தான் என்று கேட்டால்தான் வில்லை வைப்பார். பீமன் அதே பெயருள்ள ஒரு யானையைக் கொன்றான். பொய் பேசாத தருமபுத்திரர், "அசுவத்தாமா இறந்தான்" என்று உரக்கச் சொன்னார். "யானை" என்பதை வாய்க்குள் சொன்னார். கண்ணன் சரியாக அந்த நேரம் சங்கை ஊதினான். துரோணர் வில்லை வைத்தார். தலை போயிற்று.

நான் ஒரு பாத்திரம் சேர்த்தேன். அந்த யானையின் மாவுத்தன். அது பாண்டவர் பக்கத்து யானை. பீமன் கதாயுதத்தோடு வந்தபோது, நம்முடைய ராஜாதானே என்று மாவுத்தன் ஒதுங்கி நின்று கும்பிட்டிருப்பான். யானையும் தும்பிக்கையைத் தூக்கியிருக்கும். உயிரோடு இருந்த மகனுக்காக ஒரு தகப்பன் செத்தான். செத்துப்போன யானைக்காக அழ ஒருவன்தான் இருந்தான். அவன் அன்று மாலை தருமரின் கூடாரத்துக்குப் போய்க் கேட்கிறான். அதுதான் காட்சி.

கிரீடம் இல்லாத வேஷம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன். தருமபுத்திரராகப் பாச்சு. லலிதாவின் தம்பி, ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, என் வீட்டில்தான் இருந்தான். லலிதா போன பிறகு அவன் அம்மா மீனாக்ஷி அம்மாளும் கொள்ளேகால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களுக்குச் சமைத்துப் போட வந்துவிட்டாள்.

மாமியாருக்குத் தெரியாத ஒன்று எனக்கும் பாச்சுவுக்கும் தெரியும்.

லலிதா தலைப்பிரசவத்துக்குக் கொள்ளேகால் போயிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. லலிதா சீரியஸ், உடனே புறப்படவும். எங்கள் மனிதர்கள் யாரும் இறந்துவிட்டார் என்று தந்தி அடிப்பதில்லை. சீரியஸ் என்றுதான் அடிப்பார்கள். வாங்குகிறவன் புரிந்துகொள்வான். வழியில் அவன் இடிந்துபோகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

தந்தி வந்தது காலை ஒன்பதரைக்கு. பத்து மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதில் நாங்கள் போகவில்லை. அரை மணியில் கிளம்ப முடியாது, அப்புறம் ராகுகாலம், பங்காளிகளுக்கும் சொல்லியாக வேண்டும் என்று ஆயிற்று. இரண்டு மணி பஸ்ஸில் ஏறி ஐந்தரைக்கு இறங்கினோம். குழந்தை தங்கவில்லை. லலிதா மூன்று மணி வரை உயிரோடு இருந்திருக்கிறாள். அத்தனை நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாள் மாமியார். தந்தி எப்போது கிடைத்தது என்று கேட்டாள். ஒன்றரை மணிக்கு என்றான் பாச்சு. நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து, தந்திச் சேவகன் சித்தையன் எங்கள் தெருவில் போனால் அவள் கதவை அறைந்து சாத்துவாள். தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு எந்த ஓட்டலில் உட்கார்ந்திருந்தானோ, அவன் வம்சம் விளங்காது என்பாள். பாச்சுவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஆவணியில் பாச்சுவுக்குப் பெண் பார்த்தார்கள். அவன் சிரிக்கத் தொடங்கினான். குளிக்கும்போது பாடினான். லலிதாவின் முகம் எனக்குச் சரியாக நினைவு வராமல் போய்க்கொண்டிருந்தது. அவன் பாடினான். அதன் பிறகுதான் மாவுத்தன் காட்சியை எழுதினேன்.

ஒத்திகையில் பாச்சு ஆட்சேபித்தான். மாவுத்தன் இத்தனை கேட்கிறானே, தருமருக்கு ஒரு வசனமாவது வேண்டாமா என்றான். தலையைக் குனிந்து நின்றால் போதும் என்றேன்.

"நன்னா மாட்டி விடறேள் அத்திம்பேரே," என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நாடகத்தன்று பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டு ரங்கம்மா அழைத்து வந்திருந்தாள். திரை இடுக்கில் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அங்குசத்தோடு மேடைக்குப் போனேன். எழுதியதைப் பேசினேன்.

"அசுவத்தாமா என்பதை ஊர் கேட்கச் சொன்னீர், மகாராஜா. யானை என்பதை மட்டும் ஏன் விழுங்கினீர்?"

பாச்சு தலையைக் குனிந்தான். அங்கே திரை விழ வேண்டும். திரைக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினேன். எழுதாததைக் கேட்டேன்.

"சேதி உமக்கு எப்போது வந்தது? காலை ஒன்பதரை மணிக்கு. பெற்ற தாய் கேட்டபோது ஒன்றரை என்றீரே, ஏன்?"

பாச்சு நிமிர்ந்தான். அரிதாரத்துக்கு அடியில் முகம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சொன்னேன். நான்தான் சொன்னேன். தந்தியை வாசிச்சது யாரு? வாசிச்சுட்டு, எல்லாம் முடிஞ்சுதுடா பாச்சுன்னது யாரு? பத்து மணி பஸ்ஸுக்கு ஓடலாம்னு கையைப் பிடிச்சு இழுத்தேனே அத்திம்பேரே. இனிமே ஓடி என்னடா ஆகப்போறது, அவ எங்கேயும் போயிடமாட்டான்னேளே."

தருமபுத்திரர் மாவுத்தனை அத்திம்பேரே என்றதும் கொட்டகை வெடித்துச் சிரித்தது. அதற்கு முன் பஸ்ஸுக்கே ஒரு சிரிப்பு எழுந்திருந்தது. பின்னால் இருந்து ஒருவர் கன்னடத்தில், பலே தர்மராயா என்றார். திரை விழுந்தது.

அவன் சொன்னதெல்லாம் நடந்ததுதான்.

மாமியார் வேஷம் போடும் அறைக்கு வந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. ஆட்கள் எழுந்து ஒதுங்கினார்கள். பாச்சு கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கா வந்தது என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். எட்டு மாதமாக நான் காத்திருந்தது அதற்குத்தான் என்று அப்போது தோன்றியது. அவள் திட்டவில்லை.

"தந்தி அடிக்க நானேதான் போனேன்," என்றாள். "மருத்துவச்சியை அவகிட்ட விட்டுட்டு. போஸ்ட் மாஸ்டர் ராயர் கேட்டார். சீரியஸ்னா உங்க மனுஷா போயிட்டான்னு எடுத்துப்பாம்மா, உயிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சேர்க்கட்டுமான்னார். வேண்டாம்னுட்டேன். இருக்கறவளைப் போய் உயிரோட இருக்கான்னு எழுதுவாளோ? அபசகுனம்னு அவரை வேற கோவிச்சுண்டேன்."

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரங்கம்மாவோடு போய்விட்டாள்.

ரத்தினசாமி உள்ளே வந்தார். சபா தொடங்கின நாளாக இப்படி ஒரு காட்சி எடுபட்டதில்லை என்றார். பாச்சு அழுததை அவர் நடிப்பின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் அதையே பேசுங்க சாமி. அந்த அத்திம்பேருங்கறதை மட்டும் உட்டுறாதீங்க. சனம் அங்கதானுங்க உழுந்து உழுந்து சிரிக்குது."

மறுநாள் காலை மாமியார் வழக்கம்போல் இலை போட்டாள். பெண் வீட்டாருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று ஒரு கடுதாசி எழுதச் சொன்னாள். பாச்சு எழுதி, ஒட்டி, அவள் கையில் கொடுத்தான். எனக்கு மோர் ஊற்றும்போது போதுமா என்று கேட்டாள்.

மாலையில் நானும் பாச்சுவும் கொட்டகைக்கு ஒன்றாகவே நடந்தோம். உட்கார்ந்து முகத்துக்குப் பூசிக்கொண்டோம். என் காட்சி வந்தது. எழுதியதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவனும் தலையைக் குனிந்து நின்றிருக்கலாம்.

நான் கேட்டேன். பாச்சு நிமிர்ந்து ஒரு சொல் விடாமல் சொன்னான். அத்திம்பேரே என்ற இடத்தில் நிறுத்தி, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தான். பிறகு மேலே சொன்னான்.