முப்பத்திரண்டாவது டிகிரி

1

இந்தக் கதை ஒரு கார்பன் நகலிலிருந்து வந்தது. மூல அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவைத்ததாகிவிடும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1959, ஆம்பூர். காற்றில் தோல் நாற்றம்’— வேண்டாம். அங்கே இருந்தவர்களுக்கு நாற்றம் தெரியாது.

2

முனீர் அகமது பள்ளிகொண்டாவில் ரேடியோ பழுது பார்த்தவர். பிறகு தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகள் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் மெக்கானிக். தோலின் நாரில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் சில கோணங்களில் சிதறும். அந்தக் கோணங்களிலிருந்து நாரின் உள்ளமைப்பைக் கணக்கிடலாம். பிலிமில் பிடிக்கப் பதினெட்டு மணி நேரம். கழுவிய பச்சைத்தோல் அதற்குள் கெட ஆரம்பிக்கும். முனீர் செய்த கவுண்டருக்கு, சிதறிவரும் எக்ஸ்ரேயை எண்ணும் கருவிக்கு, ஒரு மணி நேரம் போதும்.

கண்ணாடிக் குழாய், நடுவே கம்பி, முனையில் பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து உரித்த மைக்கா. எக்ஸ்ரே விழுந்தால் ரேடியோ ஸ்பீக்கரில் டக்கென்று ஒலிக்கும். மூன்று வருட வேலை. பதினோரு குழாய்கள் உடைந்தன. பன்னிரண்டாவது தாக்குப்பிடித்தது.

(இங்கே அவர் மனைவி வஜீதாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. உருக்கமாக வந்தது. அடித்துவிட்டேன்.)

3

சென்னையிலிருந்து இருவர் சோதிக்க வந்தார்கள். கவுண்டர் தேறினால் இங்கேயே மேலும் செய்வது, இல்லையென்றால் வெளிநாட்டில் வாங்குவது. அவசரம். கூடத்தின் தலைவர் டாக்டர் சம்பந்தம் தன் கையாலேயே காய்ந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வெட்டிப் பொருத்தினார்.

முப்பத்திரண்டு டிகிரி கோணத்தில், ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில், ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது. பழைய பிலிமில் அங்கே வெறுமை.

“கவுண்டர் தானா அடிச்சிக்குது” என்றார் வந்தவர்களில் ஒருவர். சம்பந்தம் தலையாட்டினார்.

அவர்கள் சாப்பிடப் போனதும் முனீர் துண்டைக் கழற்றினார். திருப்பிப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

“இன்னா பாய், டிபன் கட்டிக்கினு வரலியா?” என்றேன்.

“உப்பு, பரந்தாமா.”

[தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் வரும். எந்த ஷாப்பிலும் முதல் வேலை அதைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவுவது. கூலிக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்வார்கள். கழுவாத உப்பு காய்ந்தால் படிகம். படிகம் எக்ஸ்ரேயைக் கூர்மையாகச் சிதறடிக்கும்.]

முனீர் பாதித் துண்டை அலசினார், மின்விசிறியில் உலர்த்தினார், மறுபடி பொருத்தினார். முப்பத்திரண்டில் எப்போதாவது ஒரு டக். அவ்வளவுதான்.

4

சம்பந்தத்தைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. என் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கொண்டுபோனவர் அவர்.

“ஸார், கவுண்டர் கரெக்டு. தோலுதான் கழுவல” என்றார் முனீர்.

“தெரியும்யா. அவங்க போனப்பறம்தான் எனக்கும் ஒறைச்சுது.”

“அப்ப எழுதிடலாம் ஸார்.”

“இன்னான்னு எழுதுவ? ஆம்பூர்ல ஒரு தோல் டாக்டரு தோலைக் கழுவாம வெச்சான்னா? கேட்டுல நிக்கிறவன்கூட சிரிப்பான்.”

“கவுண்டர் மேல பழி போவுதே, ஸார்.”

“அதுக்கு இன்னா, மானமா ரோஷமா? கண்ணாடிக் குழாய்தான.”

அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார். ‘கவுண்டர் நம்பத்தக்கதல்ல.’ நான் அடித்த வரி. கீழே செய்தவரின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“போட்டுட்டு வேலையில இரு, முனீர்.”

5

முடிவு ஒன்று: முனீர் கையெழுத்திடுகிறார். வெளிநாட்டுக் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே ஓய்வு பெறுகிறார்.

முடிவு இரண்டு: பேனாவை மூடுகிறார். குழாயைத் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு பள்ளிகொண்டா பஸ் ஏறி—

எது நடந்தது? கார்பன் நகலில் தெரியாது. கையெழுத்து மூலத்தில் மட்டும் விழும். நகலில் வெறும் கோடு.

அதே அறையில்தானே இருந்தாய் என்பீர்கள். இருந்தேன். பேனாவைக் கையில் எடுத்தவர் என் பக்கம் திரும்பினார். அவர் அந்தத் தோல் துண்டை நாக்கில் வைத்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் மெஷினில் புதுத் தாள் செருகி எதையோ அடிக்க ஆரம்பித்தேன். தலை நிமிர்ந்தபோது நாற்காலி காலி. அறிக்கை உறைக்குள் போயிருந்தது. மறுநாளிலிருந்து நான் அங்கே போகவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

கோடு இதோ: ____________

அவர் பெயரை அதில் எழுதுவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் அவர் உங்கள் பக்கம் திரும்புவார்.