பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே

வெங்கடாசலத்தின் புது லாரியை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒருவர் இருதயநாதன். ஐம்பதைத் தாண்டியவர், மரக்காணத்து உப்பளத்தில் லோடு ஏற்றிப் போவதைத் தவிர வேறு வேலை அறியாதவர். இன்னொருவன் பெருமுக்கல்காரன் மணிவண்ணன். கல்யாணமாகாதவன், நன்றாகவே ஓட்டுவான்.

பழைய லாரியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கம்பி போகும். கால் அசைந்தால் இன்ஜின் உறுமும். புது வண்டியில் கம்பி கிடையாது. மிதித்தது முதலில் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும், அது பார்த்து இன்ஜினுக்கு டீசல் விட வேண்டும். அதற்குள் ஒரு நொடி போய்விடும். லோடு இருந்தால் இன்னும் கொஞ்சம்.

இருதயநாதன் அதற்குப் பழகிக்கொண்டார். வண்டியைக் கிளப்பும்போது ஆக்ஸிலேட்டரை முதலிலேயே ஆழ மிதித்து உடனே கிளச்சை விட்டுவிடுவார். வேகம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். மணிவண்ணனுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், கூனிமேட்டுக்கு அருகே ஒரு டிப்பரை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறினான். மிதித்தான். வண்டி யோசித்தது. எதிரே சென்னை பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக் அடித்து டிப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் நேரம் இருந்தது. ஓரம் கட்டி இறங்கி, பாட்டில் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டான்.

அந்த வாரமே திண்டிவனத்தில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் போனான். அவர் சோப்புக்கட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டியைப் பெடலுக்கும் வயருக்கும் நடுவே சொருகினார்.

"நீங்க கொஞ்சமா மிதிச்சாலும் நெறைய மிதிச்சதா இது கம்ப்யூட்டர் கிட்ட உடனே சொல்லிடும், வண்டி யோசிக்காது. அவ்ளோதான். ஓனர் கிட்ட சொல்லிடாதீங்க, கம்பெனி கேரண்டி போயிடும்."

திரும்பும் வழியில் வண்டி அவன் கால் வைத்ததும் பாய்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு ரோட்டில் பாட்டுப் போட்டுக் கேட்டான்.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது இருதயநாதனிடம் சொல்லத்தான் நினைத்தான். வெங்கடாசலம் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் போன் பண்ணலாம் என்று வீட்டுக்குப் போனால், தங்கை பூவிழியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். போன் பண்ண மறந்துபோனான்.

மறுநாள் காலை உப்பளத்தில் லோடு ஏற்றி முடிந்தது. பின் சக்கரம் ஈரமண்ணில் கொஞ்சம் புதைந்திருந்தது. உப்பு சுமக்கும் பொன்னி காலிக் கூடையோடு லாரிக்கு முன்னால் வரப்பைக் கடந்தாள். இருதயநாதன் அவளைப் பார்த்தார். வண்டி கிளம்புவதற்குள் அவள் போய்விடுவாள். வழக்கம்போல ஆழ மிதித்து, கிளச்சை விட்டார்.

லாரி துள்ளியது. பம்பர் இடித்துப் பொன்னி பாத்தித் தண்ணீரில் விழுந்தாள். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

குடித்திருப்பார் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் அப்படி எதுவும் இல்லை. வயசாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பரிசோதனை இல்லை. லாரியைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தினார்கள். மணிவண்ணன் செய்தி கேட்டு ஓடினான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி கேபினில் ஏறி, குனிந்து, பெட்டியைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். சோதித்தவர்கள் வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதினார்கள். அப்போது அது உண்மைதான்.

ஜாமீனில் வந்த இருதயநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக வெங்கடாசலத்திடம் போனார். மணிவண்ணனும் அங்கே இருந்தான்.

"இனிமே நான் ஓட்டலைங்க. என் காலு என் பேச்சைக் கேக்கல."

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுய்யா" என்றார் வெங்கடாசலம்.

"இல்லைங்க. நான் எப்பவும் போலதான் மிதிச்சேன்னு மனசு சொல்லுது. வண்டி பாஞ்சிடுச்சு. அப்ப மனசு சொல்றத எப்படி நம்புறது?"

அவர் வெளியே நடந்தார். ஒவ்வோர் அடியிலும் காலைப் பார்த்துக்கொண்டே நடப்பதை மணிவண்ணன் கண்டான். சர்ச் மதில் வரை பின்னால் போய், "அண்ணா" என்று கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். பெட்டியைக் காட்டினான்.

இருதயநாதன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் காலு இல்லையா?"

"இல்லண்ணா."

அவர் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். முதலில் முகத்தில் வந்தது நிம்மதிதான். கோபம் அதற்குப் பிறகு வந்தது.

"டேய், மாத்திரை போட்டாலும் தூக்கம் வரலடா எனக்கு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் காலை மெல்ல வச்சிருப்பேன்டா."

"முதல்ல மறந்துட்டேண்ணா. அப்புறம் பயந்துட்டேண்ணா."

"வாடா. ஸ்டேஷனுக்குப் போலாம்."

போலீசார் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கில் மணிவண்ணன் பெயரும் சேர்ந்தது. வெங்கடாசலம் அவனை அன்றே நிறுத்திவிட்டார். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொன்னியிடமும் சொன்னார்கள். இரும்புக் கம்பியில் கால் தொங்க, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றதப் பாத்தீங்களாண்ணா?" என்று இருதயநாதனைக் கேட்டாள்.

"பாத்தேம்மா."

"பாத்துட்டுமா வண்டிய எடுத்தீங்க?"

அந்தத் தாமதத்தைப் பற்றியும், அதை நம்பியதைப் பற்றியும் அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். பொன்னி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மழை தொடங்குவதற்குள் பொன்னி வேலைக்கு வந்தாள். சுமக்க முடியாது, கொட்டகையில் உட்கார்ந்து சாக்கு தைத்தாள். மணிவண்ணன் செங்கல் சூளை ஒன்றில் பழைய டிராக்டர் ஓட்டப் போனான். இருதயநாதன் மறுபடி லாரி ஏறினார். முன்னால் ஆள் தெரிந்தால், அந்த ஆள் தாண்டிப் போகும்வரை காலைப் பெடலிலேயே வைப்பதில்லை. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும் என்று இருப்பார்.