ஆளுக்குப் பாதி

"தொடாம எப்படிப்பா போகும்? தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நல்லா ஓடிட்டிருந்த பெட்டியை ரெண்டாப் பிளந்தது யாரு? நானா?"

"பிளக்கலைக்கா, பிரிச்சேன். பிரிச்சு மூணு மாசம் ஒழுங்கா ஓடுச்சா இல்லையா? அதுக்கப்புறம் நான் இந்த வீட்டுப் படியே..."

"படி ஏறாமலே கெடுக்கத் தெரியாதா உங்களுக்கு? கடையில உக்காந்து லொட்டு லொட்டுன்னு தட்டினா எல்லாமே நடக்கும்னு நீதானே சொன்னே!"

"அது வேற விஷயத்துக்குச் சொன்னதுக்கா!"

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றியின் மேல் இன்னொன்று. தெருவில் அவருக்கு இரட்டைக் கண்ணாடி என்றுதான் பேர். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று. எது எதற்கென்று அவருக்கே பாதி நேரம் குழப்பம்.

"ஆறு வருஷம்ப்பா. அறுநூறு டிசைன். வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பது சட்டைக்குப் பேட்ஜ் தைச்சுக் குடுக்கணும். அந்தப் பேட்ஜும் அதுக்குள்ளதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவளுடைய எம்பிராய்டரி மெஷின் பக்கத்திலேயே நின்றது, ஊசியில் சிவப்பு நூல் கோத்தபடி. கம்ப்யூட்டர் டிசைனைக் கொடுத்தால்தான் அது ஊசியை அசைக்கும்.

கணவர் ஜன்னலோரம் நின்று திரைச்சீலையின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டுதான்.

"என்னங்க, நீங்க ஏன் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நிக்கறீங்க? கேளுங்களேன் அவரை!"

"கேக்கறேன்... இரு. அவரு பாக்கட்டும் முதல்ல."

மூன்று மாதத்துக்கு முன் இரண்டு சிஸ்டம் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் தூக்கிப் போட்ட பழைய வழித்தட வரைபடங்களையெல்லாம் ஸ்கேன் செய்து சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு விண்டோஸைவிட லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் சௌகரியம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவளுடைய எம்பிராய்டரி மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர்.

"ஒரே உறையில ரெண்டு கத்தியா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"ரெண்டு உறைக்கா. ஹார்டு டிஸ்கை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிடறேன். ஆளுக்குப் பாதி. பெட்டியைப் போட்டதும் திரையில விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு பேரு வரும், பத்துல இருந்து எண்ணும். எண்ணி முடியறதுக்குள்ள சார் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினா அவரு வீடு. யாரும் தட்டலைன்னா உங்க வீடு."

"பரவாயில்லையே. சும்மா இருந்தா என் பக்கம்."

"சும்மா இருக்கறவங்களுக்கு எப்பவும் லாபம்க்கா," என்று சிரித்தார் இரட்டைக் கண்ணாடி. பெட்டியின் மேல் சுருண்டு கிடந்த பூனையைத் தூக்கிக் கீழே விட்டார். "இது ஏன் இங்கயே வந்து படுக்குது? மூடியெல்லாம் முடி."

"பெட்டி ஓடினா சூடா இருக்கும்ல, வந்துடும். அணைச்சா அரை மணியில இறங்கிப் போயிடும்."

போகும்போது ஒரு பென் டிரைவைக் கணவர் கையில் கொடுத்தார். "சிஸ்டமே எந்திரிக்கலைன்னா இதுல இருந்து கிளப்பலாம் சார். அவசரத்துக்கு மட்டும். கோட்டை மட்டும் தள்ளி வைக்கப் பாக்காதீங்க. வேணும்னா என்னைக் கூப்பிடுங்க."

பத்து நாள் முன்புதான் கணவர் பக்கம் நிரம்பியது. ஒரு வரைபடத்துக்குக்கூட இடமில்லை. அவள் பக்கத்திலோ முக்கால்வாசி காலி. போன ஞாயிறு மதியம் அவள் தங்கை வீட்டுக்குப் போனதும் பென் டிரைவைச் செருகினார். கொஞ்சமாக, அவளுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும், கோட்டை நகர்த்தலாம் என்று. திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. நாற்பது நிமிஷம் பாக்கி என்று காட்டியது. அப்போது கேட் திறக்கும் சத்தம். தங்கை வீட்டில் யாருமில்லை என்று அவள் பாதியில் திரும்பிவிட்டாள். அவர் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்னங்க, தூக்கமா?"

"ம். மத்தியானம் பூரா."

அடுத்த நாள் அவர் பக்கம் ஜம்மென்று எழுந்து வந்தது. அவள் பக்கம் வரவே இல்லை.

இப்போது இரட்டைக் கண்ணாடி பெட்டியின் பின்புறம் கைவிட்டுத் துழாவினார். கை நின்றது. கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடுங்க மறந்துவிட்டார்.

இரட்டைக் கண்ணாடி பென் டிரைவை வெளியே எடுத்தார். அதில் அவர் கடை ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெற்றியில் இருந்ததை மூக்குக்கு இறக்கி அதைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன அது?" என்றாள் அவள்.

"என்னோடதுதான்க்கா. பெட்டியைக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். சார் கூட வந்தா நல்லாருக்கும். ஒரு கை பிடிக்க."

"எடுத்துட்டுப் போ. எடுத்துட்டுப் போய் இதையும் தொடலைன்னு சொல்லு. நீ கம்ப்யூட்டர் பாக்கற தையல் கடைக்காரம்மாகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன், உன்கிட்ட எதையும் குடுக்காதீங்கன்னு."

இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கடையில் அதை இறக்கி வைத்த பிறகுதான் இரட்டைக் கண்ணாடி பென் டிரைவை மேஜை மேல் வைத்தார்.

"என்ன அவசரம் சார் வந்துச்சு?"

"இடம் பத்தலை."

"நடுவுல அணைச்சீங்களா?"

"நாப்பது நிமிஷம்னு காட்டுச்சு. கேட் சத்தம் கேட்டுடுச்சு."

"முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுக்கு நேரம் பாத்தவரு நீங்க. நாப்பது நிமிஷம் பொறுக்க முடியலையா?"

"அவ வந்துட்டாப்பா."

"வந்தா என்ன? இடம் வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாங்களா?"

"அவ குடுக்க மாட்டா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கணவர் மேஜையில் கிடந்த ஒரு திருகாணியை உருட்டினார். அது கீழே விழுந்தது. குனிந்து தேடினார், தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு.

போன் அடித்தது. இரட்டைக் கண்ணாடி எடுத்தார். "சொல்லுங்கம்மா... ஆமா, நாளைக்கு வரேன்னு... ஓ. வேற ஆளா? சரிம்மா. இல்ல, இல்ல, பரவாயில்ல." வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "தையல் கடை. அவங்க கடையில நாலு கம்ப்யூட்டர், எட்டு வருஷமா நான்தான் பாக்கறேன். பாத்துட்டிருந்தேன்."

"நான் சொல்லிடறேன்ப்பா. இன்னைக்கே."

"நான் சொல்ல மாட்டேன் சார். புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு? ஆனா இருபது வருஷமா என் பேருலதான் இந்தக் கடை ஓடுது. ரொம்ப நாள் தாங்காது."

இரண்டு நாள் இரட்டைக் கண்ணாடி அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டினார். அந்த இரண்டு நாளும் கணவரின் 'இன்னைக்கே' வந்து வந்து போனது. காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் சொல்லலாம். மதியம் அவள் தாளில் பேட்ஜைக் கையாலேயே வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது போய் எப்படி? சாயங்காலம் தலைவலி என்றாள். அவர் தைலம் எடுத்துக் கொடுத்தார். "நீங்களாவது இருக்கீங்களே," என்றாள்.

வியாழன் காலை பெட்டி திரும்பி வந்தது. இரட்டைக் கண்ணாடி வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஐநூத்தி எண்பது மீண்டுருச்சுக்கா. பேரெல்லாம் போச்சு. நம்பர்தான் இருக்கும். ஒவ்வொண்ணா திறந்து பாத்தா எதுன்னு தெரியும். உங்க பேட்ஜும் இருக்கு, பாத்துட்டேன்."

"உள்ள வாப்பா. டீ..."

"இல்லக்கா, கடை திறக்கணும்." கணவரைப் பார்க்காமலே போனார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தத் தம்பியைக் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன், இல்ல?"

"நீ என்ன பண்ணுவே, கோவத்துல..."

"கோவத்துலதான். சரி, போடுங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். இரண்டு பேர்கள் வந்தன. பத்து என்றது திரை. முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஒன்பது. தொண்டையைச் செருமினார். எட்டு.

பூனை எங்கிருந்தோ வந்து மேஜை மேல் தாவியது. பெட்டியை முகர்ந்தது. இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது. வேண்டாம் என்று இறங்கிப் போனது. அவள் பூனை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வந்தப்போ இது பெட்டி மேலதான் படுத்திருந்துச்சு," என்றாள்.

ஆறு.

"மத்தியானம் பூரா தூங்கினேன்னீங்க."

நான்கு. மூன்று. எத்தனையோ ஆயிரம் பஸ்களை நொடி பிசகாமல் வெளியே அனுப்பியவர், வாயைத் திறந்து மூடினார். ஒன்று. யாரும் எதையும் தட்டவில்லை. அவளுடைய பக்கம் திரையில் விரிந்தது, பேரில்லாத ஐநூற்று எண்பது டிசைன்களோடு.

அவள் அதைப் பார்க்கவில்லை. போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிப்பது அவருக்கும் கேட்டது.

"தையல் கடைக்காரம்மாவுக்குத்தான் போட்டிருக்கேன். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"