சார்ஜ் ஏறும் நேரம்

அந்த ஆள் பசிக்கு வந்தவன் இல்லை என்று மயிலம்மாளுக்கு இரண்டாம் நாளே பட்டுவிட்டது. பசியோடு வருகிறவன் இலையைப் பார்ப்பான். இவன் வாசலைப் பார்த்தான்.

சங்ககிரி பைபாஸில் மயிலம்மாளும் அவள் கணவர் கண்ணுசாமியும் நடத்தும் மெஸ்ஸுக்கு முன்னால் பெரிய பொட்டல் ஒன்று உண்டு. இவர்கள் சொந்த நிலம். சாப்பிட வருகிற லாரிகளெல்லாம் அதில்தான் நிற்கும். லாரி உள்ளே திரும்பும்போது அந்த ஆள் போனை எடுத்து எதையோ தட்டுவான். அது கிளம்பும்போதும் தட்டுவான். நடுவில் டிரைவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பான். எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டதும் கிளம்புவீர்களா, கொஞ்சம் படுப்பீர்களா, வண்டிக்குள்ளேயா வெளியிலா.

"ஏனுங்க, அந்த மூலையில உக்காந்திருக்கறது ஆருன்னு கேட்டீங்களா?" என்றாள் மயிலம்மாள்.

கண்ணுசாமி பழைய லாரி டிரைவர். மூட்டு போன பிறகு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எல்லாருமே சாமிதான். "ஆரா இருந்தா என்ன புள்ள? சோறு தின்னுபோட்டுக் காசு குடுக்கறான். நல்ல பையனாட்டத்தான் இருக்கறான்."

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. போன மாதம்தான் இதே ரோட்டில் நின்ற லாரிகளில் டீசல் களவு போயிருந்தது. நூல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று, டிரைவர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் காணாமல் போனது. எந்த வண்டி எவ்வளவு நேரம் ஆளில்லாமல் நிற்கும் என்று தெரிந்த எவனோ செய்த வேலை அது.

அவளே போய்க் கேட்டாள். அவன் எழுந்து நின்று பதில் சொன்னான். காலேஜ் ஆராய்ச்சியாம். டிரைவர்களின் சாப்பாடு, தூக்கம் பற்றியாம். எந்தக் காலேஜ் என்றதும் சேலத்தில் ஒரு பேரைச் சொன்னான். மயிலம்மாள் முகம் மாறாமல் தலையாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தாள். அந்தக் காலேஜ் ஆபீசில்தான் அவள் மகள் தனப்பிரியா வேலை பார்க்கிறாள்.

விசாரிக்கச் சொல்லியிருந்ததால் சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்கம்மா. எதுக்கும் சூதானமா இருங்க."

மறுநாள் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவனைப் பொட்டலில் நிறுத்தி வளைத்துக்கொண்டார்கள். மயிலம்மாள் சொன்னது சின்னண்ணனிடம் மட்டும்தான். சின்னண்ணன் நாலு லாரிக்குச் சொந்தக்காரர். மெஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருக்கும் ரோட்டோரம் காலி இடம் உண்டு. களவு போன டீசலில் பாதி அவருடையது. அவர் பத்துப் பேரோடு வந்திருந்தார். ஒருவன் போனைப் பிடுங்கினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான்.

"என்ற எடத்துல ஆரும் கை வெக்கக்கூடாது," என்றபடி மயிலம்மாள் நடுவில் வந்தாள். "தம்பி, நீ காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெசத்தச் சொல்லு."

பேர் சபரிநாதன் என்றான். பேர்போன ஒரு கார் கம்பெனியில் வேலை. கம்பெனி அடுத்து கரண்ட்டில் ஓடுகிற சரக்கு வண்டிகளை இறக்கப்போகிறது. சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் எங்கே சார்ஜ் போடுவது என்று பார்க்கத்தான் அவனை அனுப்பியிருக்கிறார்கள்.

"அதுக்கு எங்க டிரைவருங்க தூங்கறத ஏம்ப்பா பாக்கற?"

"சார்ஜ் ஏற நேரம் ஆகுமுங்க. டிரைவர் தானா எங்க ரொம்ப நேரம் நிக்கறாரோ அங்க போட்டாத்தான் அவருக்கு அது காத்துக் கெடக்கற மாதிரி தெரியாது."

"பொறவு எதுக்குப் பொய் சொன்ன?"

"கம்பெனிதாங்க வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க. தெரிஞ்சா வேற கம்பெனிக்காரங்க முந்திக்குவாங்கன்னு."

பிடித்த சட்டையை விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். களவாணி என்று பிடித்தவன் கடைசியில் பேட்டரிக்காரனா என்று பேச்சு கேலியாகிவிட்டது. கண்ணுசாமி அவனை உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். போனைத் திருப்பிக் கொடுக்குமுன் மயிலம்மாள் அதில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தாள். லாரிகளின் படம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் அவள் மெஸ். பெஞ்சு, கை கழுவும் இடம், கயிற்றுக் கட்டில் போட்ட வேப்பமர நிழல், அவள் குனிந்து குழம்பு ஊற்றுவதுகூட இருந்தது.

டீசல் களவாண்டவனாயிருந்தால் பயம் அன்றோடு தீர்ந்திருக்கும். இவன் எதைக் கொண்டுபோகிறான் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில், சத்தமே இல்லாத பெரிய கார் ஒன்று பொட்டலில் வந்து நின்றது. பின்னாலிருந்து சௌந்தர்யா என்ற அதிகாரி இறங்கினாள். கம்பெனியின் எதிர்காலத் திட்டப் பிரிவுக்கு அவள்தான் தலைவியாம். கூடவே சபரிநாதன். வந்தவள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். அம்மா அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அரிசிப்பருப்புச் சாதத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இவ்வளவு மரியாதை எதற்கு என்று மயிலம்மாள் யோசித்துக்கொண்டே பரிமாறினாள்.

பொட்டலைக் குத்தகைக்குக் கேட்டார்கள். சார்ஜ் போடும் கம்பங்களைக் கம்பெனியே நட்டுக்கொள்ளும், கரண்ட் அவர்கள் பாடு, மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். இன்னும் சில வருஷத்தில் இந்த ரோட்டில் பாதி வண்டி கரண்ட் வண்டிதான் என்றாள் சௌந்தர்யா. கண்ணுசாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

மயிலம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "வண்டிக்குச் சார்ஜ் ஏறுற வரைக்கும் டிரைவரு எங்கீங்க சாப்புடுவாரு?"

"அது ரெண்டாவது கட்டம்மா. அப்புறம் பேசிக்கலாமே."

"அந்தக் கட்டத்தையும் காட்டுங்க, பாக்கலாம்."

சௌந்தர்யா கையிலிருந்த டேப்லெட்டில் படத்தைத் திறந்தாள். கண்ணாடிக் கட்டடம், வரிசையாகக் கம்பங்கள், உள்ளே ஏசி, டிரைவர் படுத்து ஓய்வெடுக்க அறை, சாப்பாட்டுக்கூடம். எல்லாவற்றிலும் கம்பெனி பேர். வேப்பமரம் இருக்கும் இடத்தில் ஒரு காபி மெஷின் நின்றது. மெஸ்ஸை எங்கேயும் காணோம். மயிலம்மாள் நிமிர்ந்து சபரிநாதனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொட்டல்ல கம்பம் நட்டுக்கங்க. சாப்பாட்டுக் கட்டடம் மட்டும் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா பேசலாம்."

"மேல கேட்டுச் சொல்றேன்மா," என்று சௌந்தர்யா சிரித்தாள். அவள் மறுபடி வரவே இல்லை.

கணவன் மனைவி இரண்டு பேருக்கும் அதிலிருந்து சரியான பேச்சு இல்லை. "வாரதை வேண்டாம்ன்னு தள்ளிப்போட்ட. லாரியெல்லாம் நின்னுபோச்சுன்னா இந்தக் குண்டாவ ஆருக்குக் கவுக்கப்போற?" என்று கேட்டார் கண்ணுசாமி. அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து சபரிநாதன் பஸ்ஸில் தனியாக வந்தான். "சின்னண்ணன் எடத்தைப் பேசி முடிச்சுட்டாங்கம்மா. உங்ககிட்டச் சொல்லாமப் போக மனசு வரலை. இந்த ரோட்டுல எங்கயும் டிரைவருங்க உங்க கடையில உக்கார்ற அளவு உக்கார்றதில்லைங்க. அதப் பாத்துத்தான் இந்த ஊரையே எடுத்தாங்க."

"இதையும் கம்பெனி சொல்லச் சொல்லுச்சா?"

அவன் முகம் சுருங்கிப்போனது. நெஜமாத்தாங்க என்றான். அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. இடம் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லச் சொல்லிக் கம்பெனியே அனுப்பி, கடைசியாக ஒருமுறை மனதைக் கரைத்துப் பார்க்கிறதோ என்ற எண்ணம் போகவில்லை. ஆனாலும் அவனைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

சின்னண்ணன் இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. வெள்ளை நிறக் குட்டி லாரிகள் வர ஆரம்பித்தன. ஓட்டிவந்தவர்கள் காண்ட்ராக்ட் பையன்கள்; அவர்களுக்குச் சாப்பாட்டுக் கூப்பன் அங்கேதான் செல்லும். மெஸ்ஸைக் கடந்து போகும்போது தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். டீசல் லாரிக்காரர்களிலும் சிலர் ஏசியைத் தேடி அங்கே போனார்கள். மயிலம்மாள் சோற்றில் ஒரு குண்டாவைக் குறைத்தாள். பாத்திரம் கழுவ வந்தவளை மதியத்துக்கு மட்டும் வரச் சொன்னாள். கண்ணுசாமி எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குக் குத்தியது.

ஒரு வருஷம் ஓடியது. பிறகு கம்பெனி தன் கணக்கை மாற்றிக்கொண்டது. சரக்கு வண்டி நினைத்தபடி விற்கவில்லை, இனி பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் கார்தான் என்று முடிவாகிவிட்டதாம். கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கம்பங்களில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. குத்தகை பல வருஷத்துக்கு எழுதியிருந்ததால் சின்னண்ணனால் தன் சொந்த லாரியைத் தன் சொந்த இடத்தில் நிறுத்த முடியவில்லை. மயிலம்மாளின் பொட்டலில் அவர் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உனக்கு எப்புடி அம்மிணி தெரிஞ்சுது?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா. பயந்தேன், அவ்வளவுதான்." சந்தோஷப்படத் தோன்றவில்லை அவளுக்கு. தான் பயந்தது இதற்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கம்பெனி நிலைத்து நின்றிருந்தால் மெஸ் போயிருக்கும்.

ஒரு நாள் பதினோரு மணி வெயிலில் வெள்ளைக் குட்டி லாரி ஒன்று ஊர்ந்து வந்து பொட்டலில் நின்றுவிட்டது. கம்பெனி விற்றுத்தள்ளிய வண்டிகளில் ஒன்று. குமாரபாளையத்திலிருந்து துணி ஏற்றி வந்த பெண் ஒருத்தி இறங்கினாள். பேர் அமுதவல்லி. கடன் போட்டு வாங்கிய வண்டி, முன்பு சார்ஜ் போட்ட இடம் பூட்டிக் கிடக்கிறது, சேலம் போய்ச்சேர இனி முடியாது.

"ஏனுங்கக்கா, சார்ஜ் போட ஒரு பிளக் பாய்ண்ட் கெடைக்குமுங்களா?"

மயிலம்மாள் வண்டியைச் சுற்றி வந்தாள். "உன்னைய ஆராவது அனுப்புனாங்களா?"

"ஆருங்கக்கா அனுப்புவா? வழியில நின்னுபோச்சுங்க."

"வண்டி ஆரு பேருல இருக்குது?"

"என்ற பேருலதானுங்க." அமுதவல்லி ஆர்.சி.யை எடுத்து நீட்டினாள். மயிலம்மாள் அதை வாங்கி, பேரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு மாவரைக்கும் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரை நீட்டச் சொன்னாள். மெதுவாகத்தான் ஏறும், சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் அமுதவல்லி.

"ஆகட்டும். சோறு ஆயிருச்சு, கை கழுவிட்டு வா."

கல்லாவிலிருந்து கண்ணுசாமி எட்டிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மயிலம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, ஈபி ஆபீசுல போயி இதுக்குன்னு தனி லைன் இழுக்க என்ன வேணும்ன்னு கேட்டுட்டு வாங்க. லைன் நம்ம பேருல இருக்கோணும்."