இரண்டு ஏக்கருக்குக் குறைந்த துண்டுகள்

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஷஹாபுதீன் ஒரே ஒரு வரி எழுதினான். வியாழக்கிழமை அந்த வரி ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டது. இதைப் படிக்கிறவர்களுக்கு மிகையாகத் தெரியலாம். நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

முதலியார்பேட்டையில் ஒரு அறக்கட்டளை ஆம்புலன்ஸ் நடத்திவந்தது. கீழ்த்தளத்தில் போன் எடுக்கும் பெண்கள், மாடியில் ஷஹாபுதீன். வரைபடம்தான் அவன் வேலை. சாலை, ஆஸ்பத்திரி, ஊர் எல்லை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அந்த டேட்டாபேஸ் இந்தக் கட்டடத்தில் இல்லை, எங்கோ மும்பையில் ஒரு கிளவுடில் இருந்தது. ஒருவர் போன் செய்தால் அவர் நிற்கும் இடம் ஒரு புள்ளியாக வந்து விழும். அந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று டேட்டாபேஸ் கண்டுபிடித்துச் சொல்லும். பாண்டிச்சேரி என்றால் திரை பச்சை, வண்டி கிளம்பும். தமிழ்நாடு என்றால் சிவப்பு, போனை அந்தப் பக்கத்து மையத்துக்கு மாற்றிவிட வேண்டும். திரை சொல்வதுதான் சட்டம் என்று பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

வேறு ஊராக இருந்தால் இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. நம் ஊர் எல்லை இருக்கிறதே, அது பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்துக்கொண்ட லட்சணம்! சேதராப்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதே மாநிலம் மாறும், மறுபடி மாறும். சுற்றிலும் தமிழ்நாடாக இருக்க, நடுவில் நாலு வீடு மட்டும் நம்முடையதாக இருக்கும். ஷஹாபுதீன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதிலிருந்து இதைச் சொல்லிச் சிரித்தவன்தான். அவனுக்கே அது மறந்துபோனதுதான் வயிற்றெரிச்சல்.

திரை மெதுவாக வருகிறது என்று அறக்கட்டளையின் மேலாளர் தெய்வநாயகம் இரண்டு வாரமாக அவனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஷஹாபுதீன் தோண்டிப் பார்த்தான். எல்லைகளுக்கு நடுவே பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடந்தன. பக்கத்துப் பக்கத்து ஊர்களை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்தால் கோடுகள் ஒட்டாமல் இப்படிச் சில்லறைத் துண்டுகள் விழும். எங்கேயும் அதைக் குப்பை என்று அள்ளிப் போடுவதுதான் வழக்கம். இரண்டு ஏக்கருக்குக் குறைந்த துண்டு எதுவாக இருந்தாலும் அழி, சுற்றியுள்ள எல்லையோடு சேர்த்துவிடு என்று அவன் எழுதினான். இருநூற்று முப்பத்தாறு துண்டுகள் போயின. திரை பறந்தது. தெய்வநாயகம் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த இருநூற்று முப்பத்தாறில் மூன்று குப்பை இல்லை. மூன்றும் சுற்றிலும் தமிழ்நாடு சூழ்ந்த பாண்டிச்சேரி நிலம், இப்போது திரையில் தமிழ்நாடாகிவிட்டன. அவற்றில் ஒன்றில் பதினோரு வீடுகள் இருந்தன.

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டிலிருந்து செல்வாம்பாள் என்ற பெண் போன் செய்தாள். அவள் புருஷன் முருகையன், தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குக் கிளம்பியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். போனை எடுத்தது பாரதி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமான பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் இவள்தான். அவள் திரை சிவப்பாக இருந்தது.

"எம்மா, தமிழ்நாடுன்னு காட்டுது. மாத்தி வுடறேன், லைன்லயே இருங்க."

"நாங்க பாண்டிச்சேரிதாம்மா! ரேஷன் கார்டுகூட பாண்டிச்சேரிதாம்மா!"

"பயப்படாதீங்க, அவங்க ஒடனே வருவாங்க."

அவர்கள் வரவில்லை. அவர்களுடைய வரைபடத்தில் அந்த இடம் பாண்டிச்சேரி, ஆகவே போனைத் திருப்பி அனுப்பினார்கள். பாரதியின் திரை மறுபடி சிவப்பு. மறுபடி மாற்றினாள். மூன்றாம் முறை போன் வந்தபோது அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "சட்டமாவது மண்ணாவது" என்று வண்டியை அனுப்பிவிட்டாள். அதற்குள் நாற்பது நிமிஷம் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முருகையன் உயிரோடு இல்லை.

கீழே ஒரே கூச்சல். ஷஹாபுதீன் மாடியில் அந்தப் புள்ளியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. போலீஸ், கோர்ட், மனைவி ஷரீபா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள், எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை.

மதியம் ஒரு மணிக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். கிளவுடில் நிமிஷத்துக்கு நிமிஷம் எடுத்துவைக்கும் பேக்கப் உண்டு. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இருந்த நிலையை எடுத்து, போன துண்டுகளில் குப்பை அல்லாத அந்த மூன்றை மட்டும் அதே எண்ணோடு, அவற்றை முதலில் பதிவுசெய்த அதே தேதியோடு திரும்ப வைத்தான். சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டிக்காரன். தையல் போட்ட தடம்கூடத் தெரியவில்லை. திங்கட்கிழமை எழுதிய வரியைத் தன் கம்ப்யூட்டரிலிருந்தும் துடைத்தான். இனி அந்த இடத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் வண்டி போகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அதன் மறுபக்கம் அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. திரை சிவப்பாக இருந்தது என்பதற்கு வெளியே தெரிந்த ஒரே சாட்சியையும் அவன் கையாலேயே அழித்துவிட்டான்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. தெய்வநாயகம் எல்லார் முன்னாலும் செல்வாம்பாளின் புள்ளியைத் திரையில் போட்டார். பச்சைப் பசேல் என்று வந்தது. பாரதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், எங்கப்பா மேல சத்தியம் சார். செவப்பாதான் இருந்துச்சு. ரெண்டு தரமும் செவப்புதான் சார்."

"அந்தப் பக்கத்துக்காரங்களும் அது உங்க எடம்னுதானே திருப்பி வுட்டாங்க? ஊருக்கே பச்சையா தெரியறது உனக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா செவப்பா தெரியுது?" என்ற தெய்வநாயகம் ஷஹாபுதீன் பக்கம் திரும்பினார். "பாய், இந்த எடம் எப்பவும் நம்மளுதுதானே?"

"ஆமா சார்" என்றான் ஷஹாபுதீன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த நிலம் என்றைக்கும் பாண்டிச்சேரிதான். ஆனால் சொன்னவனுக்கு நாக்கு கசந்தது, அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பேக்கப் ஏழு நாள் இருக்கும். அதுவரை அந்தத் தப்பான வரைபடத்தை அப்படியே எழுப்பி நிறுத்திக் காட்ட முடியும். வியாழக்கிழமை காலையும் நாளைக்கு என்று நினைத்தான். கோழை என்று அவனைத் திட்டலாம். அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவன் திரும்பியபோது பாரதி மாடியில் அவன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று காலையிலேயே கடிதம் கொடுத்திருந்தார்கள்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் பாய். காலைல அந்தம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

"யாரு வூட்டுக்கு?"

"செல்வாம்பாள் அம்மா. கால்ல வுழுந்துட்டேன். என் கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சு, என்னாலதான் உங்க வூட்டுக்காரர் போயிட்டாருன்னு சொல்லிட்டேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"குடிக்கத் தண்ணி குடுத்தாங்க." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "ரெண்டு தரம் செவப்பாப் பாத்தேன் பாய். இப்ப யோசிச்சா அதுவும் நிச்சயமாத் தெரியல. பதட்டத்துல பாத்தேனோ இன்னாவோ. கண்ணு டாக்டர்கிட்ட போவணும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "எழுந்திரு" என்று அவளை இழுக்காத குறையாகக் கீழே தெய்வநாயகம் அறைக்குக் கூட்டிப்போனான். திங்கட்கிழமை வரி, இருநூற்று முப்பத்தாறு துண்டுகள், வியாழக்கிழமை மதியம் திரும்ப வைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போதே அழுதான்.

தெய்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்க, காட்டுங்க."

ஷஹாபுதீன் அவர் மேசையிலேயே கிளவுடைத் திறந்தான். ஏழு நாள் பேக்கப் அன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி, போன வெள்ளிக்கிழமை மதியம் வரை மட்டும் இருந்தது. அதற்கு முந்தையதெல்லாம் தானாகவே அழிந்துவிட்டிருந்தது. தப்பான வரைபடத்தின் கடைசி மிச்சம் நேற்று மதியம் ஒரு மணிக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் அவன் மாடியில் உட்கார்ந்து நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தெய்வநாயகம் மவுஸை வாங்கி அந்த மூன்று துண்டுகளையும் தானே திறந்து பார்த்தார். "இதெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்னாடி ஏத்துனதுன்னு உங்க டேபிளே சொல்லுதே பாய். போன வாரம் வச்சதுன்னு எங்க இருக்குது?"

"தேதிய நான்தான் சார் அப்படியே வச்சேன்."

"பாய்." அவர் குரல் தணிந்தது. "அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு எரக்கம். புரியுது. எனக்கும் மனசு கேக்கலதான். அதுக்காக உங்க தலைய நீங்களே குடுப்பீங்களா? ரெண்டு கொழந்தைங்க இருக்குது. போயி வேலையப் பாருங்க. நீங்க சொன்னத நான் காதுல வாங்கல."

அவன் கத்தினான், கெஞ்சினான், குழந்தைகள் மேல் ஆணையிட்டான். கத்தக் கத்த அவர் முகத்தில் பரிவுதான் கூடியது. கடைசியில் அவரே அவன் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

பாரதி படிக்கட்டோரம் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாகச் சிரிக்காத முகம் லேசாகச் சிரித்தது.

"என் கூடப் பொறந்தவனே எனக்காவ இம்மாம் பெரிய பொய் சொல்ல மாட்டான் பாய்."

"பொய் இல்ல பாரதி. அல்லா மேல ஆணை, பொய் இல்ல. நீ பாத்தது செவப்புதான். கொன்னது நான்தான். நான் இப்பவே போயி அந்தம்மாகிட்டயும் சொல்றேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பாய். நான் சொல்லி அவங்களுக்கு இப்பதான் ஒரு ஆளு கெடச்சிருக்குது. நீங்களும் போயி நின்னா பாவம், அவங்க யாரத்தான் திட்டுவாங்க?"