வெள்ளைப் பூ வந்தால் டவர்

செல்போன் டவர் கம்பெனிக்காரர்கள் வடக்கு வேலியோரம் நான்கு முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனதிலிருந்து நித்யஸ்ரீக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவள் படுக்கும் அறையின் சன்னலிலிருந்து முதல் குச்சிக்கு இருபத்திரண்டு தப்படி. இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டாள்.

ஐந்தாம் மாதம். போன தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

டவர் வேண்டுமென்று முதலில் சொன்னதே அவள் கணவன் குணசீலன்தான். போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் கிடக்கிறான். அவனோடு பேச அவள் மொட்டை மாடி ஏற வேண்டும். அங்கேயும் பாதிப் பேச்சு அறுந்துபோகும்.

"படிச்ச புள்ள, நீயே சொல்லு கண்ணு" என்றார் மாமனார் சின்னண்ணன். பக்கத்துத் தோட்டத்து அப்புசாமியும் அவர் மருமகள் இனியாவும் வந்திருந்தார்கள். "கேன்சர் வரும், கோழி முட்டை வெக்காதுன்னு ஊரே பேசுது. நெசமா?"

நித்யஸ்ரீ பி.எஸ்சி. இயற்பியல். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் வேர்த்துவிடும். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "உடம்புல இருக்கற செல்லை உடைக்கற சக்தி இந்த அலைக்குக் கெடையாதுங்க மாமா. துளித்துளியாப் பார்த்தா இதோட சக்தி பல்பு வெளிச்சத்தைவிடக் கம்மி. அரசாங்கம் வெச்ச அளவுக்குள்ள இருந்தாக் கெடுதல்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலீங்க."

"அப்பறம் என்ன? எங்கோழிக டவர் இல்லாமயே முட்டை வெக்கறதில்ல" என்று அப்புசாமி சிரித்தார்.

மாமியார் பாவாயி சிரிக்கவில்லை. "எதுக்கும் அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தா டவரு. செவப்பு வந்தா வேண்டாம்."

வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கூடையையும் இரண்டு இலைத் துண்டுகளையும் நித்யஸ்ரீயிடம் கொடுத்து, "ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. மடிச்சு வை சாமி" என்று சொல்லிவிட்டுப் பாவாயி விளக்குப் போடப் போனாள்.

முதல் இலையில் சிவப்பு அரளியை வைத்து மடித்தாள். அடுத்ததற்கு வெள்ளையை எடுத்தாள். கூடையிலேயே திரும்பப் போட்டாள். அதிலும் சிவப்பை வைத்து நூல் சுற்றினாள். செல், சக்தி, அளவு எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. சன்னல்தான் வந்தது.

இரண்டில் ஒன்றைப் பூசாரி எடுத்துப் பிரித்ததில் சிவப்பு.

"ஆத்தாளுக்கு இஷ்டமில்லை" என்று சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். மிஞ்சிய பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்ட பிறகுதான் நித்யஸ்ரீக்கு மூச்சு வந்தது.

அந்த நிம்மதி மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் காலை இனியா இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, டவரு எங்களுக்கு வந்துருச்சுங்க. ஊட்டுக்குப் பொறத்தாலயே. நீங்க சொன்னதைக் கேட்டுட்டுப் பூவெல்லாம் எதுக்குன்னுட்டாரு எங்க மாமா. நாளைக்குக் கையெழுத்து. இவளுக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?"

ஆகாது என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. குழந்தை நித்யஸ்ரீயின் வளையலை எட்டிப் பிடித்தது.

"ரெண்டு பொட்டணத்துலயும் நான் செவப்புத்தான் வெச்சேன் இனியா."

இனியாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"படிச்சது நெசம். பயமா இருந்ததும் நெசம்."

"நல்ல நாயமுங்க அக்கா! உங்க பேச்சை நாங்க நம்போணும், நீங்க நம்பமாட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் அதே மாதிரி ரெண்டு மடிச்சுக் குடுங்க. எங்க மாமாவை எப்படியாச்சும் கோயிலுக்குக் கூட்டியாறேன்."

நித்யஸ்ரீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊருக்கு வெளியே ஏரிமேடு சும்மாதான் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு வீடு இல்லை. ஊர்ப் பொது இடம், கம்பெனி தரும் மாத வாடகை தனியாக யார் கைக்கும் வராது என்பதால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாமனார் கேட்ட அன்றைக்கே அவளுக்கு அது தோன்றியிருந்தது. சொல்லத்தான் இல்லை.

"மடிக்க வேண்டாம். ஏரிமேட்டுல வெக்கட்டும்னு ரெண்டு மாமாகிட்டயும் நானே சொல்றேன்."

"பூவைப் பத்திக் கேட்டா?"

"அதையும் சொல்றேன்."

"அய்யோ, உங்க மாமியா உங்களை உரிச்சுப் போடுவாங்க!"

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னண்ணனும் அப்புசாமியும் யார் எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"மாமா" என்று நடுவில் புகுந்து கூப்பிட்டாள்.